பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று சந்தேகமா? பரிசோதனையிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகை வரை

என் மகன் நான்காம் வகுப்பு படிக்கும்போதே எழுத்தோடு மல்லுக்கட்டுவது எனக்குத் தெரியும். வாயால் கேட்டால் முழுப் பாடத்தையும் கதை மாதிரி சொல்வான். அதையே எழுதச் சொன்னால் பத்து வரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். ‘தோட்டம்’ என்று சொன்னால் ‘தேட்டம்’ என்று எழுதுவான். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும்போதுகூட பாதியில் வரி மாறிவிடும். பள்ளியில் கேட்டால், “கவனம் போதவில்லை, கொஞ்சம் கண்டிச்சு வளருங்க” என்றார்கள். நானும் கண்டித்தேன், அடித்தும் இருக்கிறேன். ஏழாம் வகுப்பு முடியும்போதுதான், வட்டார வள மையத்திலிருந்து (பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை மையம்) வந்த ஒரு சிறப்புப் பயிற்றுநர் அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது சோம்பேறித்தனம் இல்லம்மா, கற்றல் குறைபாடா இருக்கலாம். டெஸ்ட் எடுத்துப் பாருங்க” என்றார்.

அன்றிலிருந்து, பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஓர் ஆளும் தரும் சலுகை ஆணை கைக்கு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் பாதிக்கு மேல், எது முதலில் எது பின்னால் என்று தெரியாமல் போன நாட்கள். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். இது தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு. சி.பி.எஸ்.இ.யில் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

1. முதலில் பிள்ளையின் வயதைக் கணக்குப் போடுங்கள்

டெஸ்டுக்கு ஓடும் முன் ஒரு காகிதத்தில் மூன்று வயதுகளை எழுதிக்கொள்ளுங்கள்: 8, 14, 18.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. எப்படிப் பரிசோதித்துச் சான்றிதழ் தருவது என்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதன்படி 8 வயதுக்கு முன் சான்றிதழ் கிடையாது. 14 வயதில் மறுபடியும் பரிசோதித்துப் புதிதாக வாங்க வேண்டும், 18-ல் இன்னொரு முறை. 18-ல் வாங்குவது ஆயுள் முழுக்கச் செல்லும்.

நாங்கள் அடிபட்டது இங்கேதான். அவனுக்கு 13 வயது 4 மாதம் இருக்கும்போது சான்றிதழ் வாங்கினோம். எல்லாம் முடிந்தது என்று பீரோவில் பத்திரமாக வைத்தேன். பத்தாம் வகுப்பில் சலுகைக்கு விண்ணப்பிக்கப் போனபோது, 14 வயதுக்குப் பிறகு எடுத்தது வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் டெஸ்ட், மறுபடியும் மருத்துவமனை, நான்கு மாதம்.

அதனால் பிள்ளைக்கு 13 முடிந்திருந்தால், பரிசோதனையை உடனே செய்து பாடம் சொல்லித்தரும் முறையை மாற்றுங்கள். சான்றிதழுக்கான பயணத்தை மட்டும் 14-வது பிறந்தநாளைத் தாண்டி வையுங்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாக் காகிதமும் கையில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ஆரம்பித்தால் மூச்சு முட்டும்.

பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தால் நீங்கள் சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள். அதே வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பில் அல்லது 8 வயதில் ஆசிரியர்களே முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்கிறது. தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

2. கண்ணும் காதும் முதலில்

எழுத்து மங்கலாகத் தெரியும் பிள்ளையும், ‘ப’வும் ‘ம’வும் பிரித்துக் கேட்காத பிள்ளையும்கூட இதே தப்புகளைத்தான் செய்யும். அதனால் பார்வைப் பரிசோதனை, செவித்திறன் பரிசோதனை இரண்டும் இல்லாமல் யாரும் உங்கள் கோப்பைத் தொட மாட்டார்கள். அரசு மருத்துவமனையில் இரண்டும் இலவசம். ஒரே நாளில் முடியாது என்பதால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். “நார்மல்” என்று வாயால் சொல்லி அனுப்பினால் போதாது. தேதி, கையெழுத்து, சீல் வைத்த காகிதமாக வாங்குங்கள்.

3. வீட்டிலேயே ஒரு கோப்பு

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி இவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள்:

- பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பெற்றோர் ஒருவரின் ஆதார், குடும்ப அட்டை
- பள்ளியிலிருந்து போனஃபைட் சான்றிதழ்
- கடந்த இரண்டு மூன்று வருட மதிப்பெண் அட்டைகள்
- பிள்ளையின் பழைய நோட்டுகள், விடைத்தாள்கள்
- வகுப்பாசிரியர் எழுதித் தரும் ஒரு பக்கக் குறிப்பு
- பாஸ்போர்ட் அளவு படம் குறைந்தது பத்து

பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டுவிட்டேன். “சின்ன வகுப்பிலிருந்தே இப்படித்தானா?” என்று உளவியலாளர் கேட்டபோது காட்ட எதுவும் இல்லை. கடைசியில் அவனுடைய மூன்றாம் வகுப்பு ஆசிரியர் ஒரு பரீட்சைத் தாளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு தாளுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

வகுப்பாசிரியர் குறிப்பில் “படிப்பில் பின்தங்கியவர்” என்று மட்டும் இருந்தால் பிரயோசனம் இல்லை. வாயால் கேட்டால் எப்படிப் பதில் சொல்கிறான், எழுத்தில் எப்படி, சத்தமாக வாசிக்கச் சொன்னால் எங்கே திணறுகிறான் என்று பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள்.

இன்னொன்று, பெயர். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். எங்களுக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, பள்ளியில் ஓர் எழுத்து மட்டும். அந்த ஒரு வித்தியாசத்துக்காக விண்ணப்பம் ஒரு மாதம் நின்றது.

4. உளவியல் பரிசோதனை: நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம்

இதில் இரண்டு கட்டம். முதலில் நுண்ணறிவுச் சோதனை, அதாவது ஐ.க்யூ. மிசிக் அல்லது விஸ்க் என்ற சோதனையை வைத்துப் பார்ப்பார்கள். அதில் 85-க்கு மேல் வந்தால்தான் அடுத்த கட்டமான கற்றல் குறைபாட்டுச் சோதனைக்குப் போவார்கள். அதற்குப் பெரும்பாலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தயாரித்த சோதனைத் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், வாசித்ததைப் புரிந்துகொள்வது, கணக்கு, கவனம், பார்த்ததையும் கேட்டதையும் நினைவில் வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

அந்த 85 எவ்வளவு முக்கியம் என்பது நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. முதல்முறை ஒரு தனியார் மையத்துக்குப் போனோம். எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரிலிருந்து 40 கி.மீ. விடிகாலை பஸ்ஸில் கிளம்பி, அவன் வழியில் வாந்தி எடுத்து, ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தோம். சோதனை செய்தவர் முழுக்க ஆங்கிலத்தில் கேட்டார். அவன் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழி. பாதிக் கேள்வி அவனுக்குப் புரியவே இல்லை. 78 என்று போட்டு, “மெதுவாகக் கற்கும் குழந்தை” என்று அறிக்கை தந்தார்கள். அந்தக் காகிதத்தோடு நின்றிருந்தால் அவனுக்கு எந்தச் சலுகையும் வந்திருக்காது.

ஆறு மாதம் கழித்து வேறோர் இடத்தில், தமிழில், இரண்டு நாளாகப் பிரித்து எடுத்தார்கள். 102 வந்தது. பையன் அதே பையன்தான்.

அதனால் பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

எந்த மொழியில் எடுப்பீர்கள்? பிள்ளை வீட்டில் பேசும் மொழியிலும் இதுவரை படித்த மொழியிலும் எடுக்க வேண்டும். நடுவில் தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு மாறியிருந்தால் எந்த வகுப்பில் என்று எழுதிக் கொடுங்கள். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதோ பேசுகிறவர்கள் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். மொழி புதிது என்பதால் வரும் தடுமாற்றம் வேறு, கற்றல் குறைபாடு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

ஆர்.சி.ஐ. பதிவு இருக்கிறதா? இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர் அல்லது மறுவாழ்வு உளவியலாளர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பதிவு எண் அறிக்கையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். ‘கவுன்சிலர்’, ‘குழந்தை வளர்ப்பு ஆலோசகர்’ என்ற பலகைகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

எத்தனை அமர்வு? மொத்தமாக மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். ஒரே மூச்சில் எடுத்தால் பிள்ளை களைத்துப்போகும். இரண்டு நாள் கேளுங்கள். காய்ச்சல், தூக்கமின்மை இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

அறிக்கையில் என்னென்ன இருக்கும்? சோதனைகளின் பெயர், மதிப்பெண்கள், முடிவு, என்ன செய்ய வேண்டும் என்ற பரிந்துரை, தேர்வில் என்ன சலுகை தேவை என்ற வரி, எல்லாம் வேண்டும். கடைசி வரியை நிறையப் பேர் எழுதாமல் விட்டுவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

எங்கே போவது? சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. தி.நகரில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இந்த ஒரு விஷயத்துக்காகவே இயங்கும் அமைப்பு. மற்ற மாவட்டக்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். அங்கே உளவியலாளர் வாரத்தில் எந்த நாள் வருவார் என்று முதலில் போன் செய்து கேளுங்கள். நாங்கள் கேட்காமல் போய் இரண்டு முறை திரும்பினோம்.

செலவு: அரசு இடங்களில் அனேகமாக ஒன்றுமில்லை, அல்லது சிறு தொகை. ஆனால் வரிசை நீளம், தேதி கிடைக்க எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. தனியாரில் நாங்கள் விசாரித்த இடங்களில் 4,000 ரூபாயிலிருந்து 12,000 வரை சொன்னார்கள். பஸ், சாப்பாடு, ஒரு நாள் கூலி இழப்பு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். என் ஆலோசனை, அவசரம் இல்லையென்றால் அரசு இடமே நல்லது. கடைசிச் சான்றிதழ் எப்படியும் அரசு மருத்துவமனையிலிருந்துதான் வர வேண்டும். தனியார் அறிக்கையோடு போனால் சில இடங்களில் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

5. அறிக்கை வந்த அன்றே பாடம் மாற வேண்டும்

சான்றிதழ் வரட்டும் என்று பாடத்தை நிறுத்தி வைக்காதீர்கள். காகிதம் தேர்வில் நேரம் வாங்கித் தரும். வாசிக்கக் கற்றுத் தருவது தனி வேலை, அதற்கு மாதக்கணக்கு ஆகும்.

தமிழ் எழுத்தில் எங்கே சிக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘தோ’ என்று எழுத, வாயில் முதலில் வருவது ‘த்’. கையோ முதலில் இரட்டைக் கொம்பை எழுத வேண்டும், அப்புறம் ‘த’, அப்புறம் கால். காது கேட்கும் வரிசை ஒன்று, கை எழுதும் வரிசை வேறு. என் மகன் எப்போதும் கடைசிக் காலை விட்டுவிடுவான், அதனால்தான் ‘தேட்டம்’. ‘க’ என்ற ஒரே எழுத்து ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. அது போக ந-ன-ண, ல-ள-ழ, ர-ற. நாம் தானாகப் பழகிக்கொண்டதையெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும்.

எங்களுக்குச் சிறப்புப் பயிற்றுநர் காட்டிய முறை இது. ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்பினார். ‘தோ’ என்று அவர் சொல்ல, அவன் திருப்பிச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். ‘கொம்பு, த, கால்’ என்று மூன்றையும் வாயால் சொல்லியபடி எழுதினான். கண், காது, வாய், கை நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஒலிக்குடும்பம்தான். முதல் வாரம் முழுக்க ஓகாரம் மட்டும். பன்னிரண்டாம் நாள் அவன் பஸ் போர்டில் ‘கோவில்பட்டி’யை நான் கேட்காமலே வாசித்தான்.

நேரம்: காலையில் 15 நிமிடம், சாயங்காலம் 15 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். நேற்று படித்ததை இன்று தொடங்கும்போது கேளுங்கள், நான்கு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்பது மனதில் நிற்கும்.

வாசிப்பு வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். அறிவியலும் சமூக அறிவியலும் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அவற்றைக் காதால் படிக்கலாம். நான் பாடத்தை வாசித்து போனில் பதிவு செய்வேன், அவன் கேட்பான். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டில் காணொளி இருந்தால் அதைப் பார்ப்பான். பிறகு எனக்கு வாயால் சொல்லிக் காட்டுவான்.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அவர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியவர். எந்தக் கிழமை உங்கள் பள்ளிக்கு வருவார் என்று தெரிந்துகொண்டு, அன்று நீங்களும் போய் அந்த முறையைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. “மூன்று மாதத்தில் குணப்படுத்துகிறோம்” என்று மாத்திரை, கண்ணாடி, மூளைப் பயிற்சி விற்பவர்கள் தேடி வருவார்கள். இது குணப்படுத்தும் நோய் இல்லை. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

6. மருத்துவச் சான்றிதழும் யுடிஐடி அட்டையும்

யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை. ஸ்வாவலம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் செய்யலாம். படம், கையெழுத்து அல்லது விரல்ரேகை, ஆதார், முகவரிச் சான்று போதும். அட்டைக்குக் கட்டணம் இல்லை. பதிவு எண் வந்ததும் எழுதி வையுங்கள்.

பிறகு மருத்துவமனையில் மருத்துவர் குழு பார்க்கும். எந்தக் கிழமை என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அது பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும். அசல் எல்லாம் எடுத்துப் போங்கள், மூன்று செட் நகல் கையில் இருக்கட்டும். காலை எட்டு மணிக்குப் போனால் மதியத்துக்குள் முடியலாம். பிள்ளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகரும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: பெயர், பிறந்த தேதி, குறைபாட்டின் வகை. ‘அறிவுசார் குறைபாடு’ என்று தவறாகப் பதிந்திருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். அது வேறு வகை, பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

7. பள்ளி வழியாகச் சலுகை

நீங்கள் நேராக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்ப முடியாது. தலைமையாசிரியர் பரிந்துரைத்து, முதன்மைக் கல்வி அலுவலகம் வழியாகப் போகும். பத்தாம் வகுப்பு தொடங்கிய முதல் மாதத்திலேயே பெற்றோர் கடிதம், சான்றிதழ் நகல், அறிக்கை நகல், படங்களைக் கொடுத்து, உங்கள் நகலில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். காலாண்டு விடுமுறைக்குப் பின் கல்வி அலுவலகத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் விசாரியுங்கள். அரையாண்டு வரை சும்மா இருந்தால் நேரம் போய்விடும்.

கேட்கக்கூடியவை: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு. சி.பி.எஸ்.இ.யிலும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு, எழுதுபவரும் உண்டு. அங்கே ஒன்பதாம் வகுப்புப் பதிவின்போதே பள்ளியிடம் சொல்லிவிடுங்கள்.

மொழி விலக்கை யோசிக்காமல் எடுக்காதீர்கள். எனக்கு முதலில் அது பெரிய நிம்மதியாகத் தெரிந்தது. ஆனால் மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு பிளஸ் டூவில் ஆங்கிலமும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பிள்ளை எந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறான் என்று அவனிடமே பேசி முடிவெடுங்கள். நாங்கள் நேரத்தையும் எழுதுபவரையும் மட்டும் கேட்டோம்.

பள்ளி தயங்கினால் சட்டத்தின் 17-வது பிரிவைக் காட்டுங்கள். கூடுதல் நேரம், எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு ஆகியவற்றை அந்தப் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. “குறைபாடு 40 சதவீதம் இல்லையே” என்று சொன்னாலும் திரும்பிவிடாதீர்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒரு குடிமைப்பணித் தேர்வர் தொடுத்த வழக்கில், எழுதுபவரை வைத்துக்கொள்ள 40 சதவீதம் என்பதை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதைக் கடிதத்திலேயே எழுதுங்கள், மரியாதையாக.

8. எழுதுபவரோடு பழக வேண்டும்

சலுகை கிடைத்தவுடன் மதிப்பெண் வந்துவிடாது. சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது பழகாத பிள்ளைக்குக் கஷ்டம். என் மகன் முதல் ஒத்திகையில் மொத்தப் பதிலையும் கடகடவென்று சொல்லி முடித்துவிட்டான், எழுதியவர் இரண்டாம் வரியில் நின்றார். எட்டு வாரம், சனிக்கிழமைதோறும், வேறு வேறு ஆட்களை வைத்துப் பழகினோம். பொதுத்தேர்வில் முன்பின் தெரியாத ஒருவர்தான் வந்து உட்காரலாம் என்பதால் அம்மாவோடு மட்டும் பழக வேண்டாம்.

பழக்க வேண்டியவை: கேள்வி எண்ணை முதலில் சொல்வது, ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவது, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்வது, கணக்கில் ஒவ்வொரு படியையும் வாயால் சொல்வது, படம் எங்கே வர வேண்டும் என்று காட்டுவது. நான்கு மணி நேரம் உட்கார்ந்தே பழக்க வேண்டியிருக்கும்.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளருக்கு ஆணை போயிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஆணையின் நகல் இரண்டு, யுடிஐடி அட்டை, மருத்துவச் சான்றிதழ் மூன்றையும் ஒவ்வொரு தேர்வுக்கும் கையில் எடுத்துப் போங்கள். எங்களுக்கு இரண்டாம் நாள் கண்காணிப்பாளர் மாறியிருந்தார். “கூடுதல் நேரமா? எனக்கு யாரும் சொல்லவில்லையே” என்றார். நகலைக் காட்டியதும் சரி என்று உட்கார வைத்தார். அவன் அன்று கூடுதல் நேரம் முடியும் வரை சொல்லிக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்து, “கடைசிக் கேள்வி வரைக்கும் போனேன்மா” என்றான்.

மறுகூட்டல் முடிந்து நிரந்தர மதிப்பெண் சான்றிதழ் வரும்வரை அந்த ஃபைலைக் கலைக்காதீர்கள். பதினொன்றாம் வகுப்பு சேரும்போது அதே காகிதங்களை மறுபடி கேட்பார்கள்.